சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

சிலிம் ரிவர் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் அமைந்துள்ள ஒரு சிறுநகரம். ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் இன்று செம்பனை மரங்களே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. தோட்டப்புறத்தை விட்டு வெளியேறி நகரை ஒட்டிய குடியிருப்புகளில் வாழும் பல குடும்பங்களுக்கு வேலை, கல்வி, மருத்துவம் ஆகிய அனைத்திற்கும் மகிழுந்தே துணை. வடக்கே ஈப்போவும் தெற்கே கோலாலம்பூரும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மகிழுந்து வழியில் நின்றுவிட்டால் ஒரு நாள் சம்பளமோ பல மாதம் காத்திருந்து பெற்ற மருத்துவச் சந்திப்போ கைநழுவிப் போகும்.

ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். சிலிம் ரிவரில் வாழும் ஒரு குடும்பம், பாட்டியின் கண் சிகிச்சைக்காக ஈப்போவிலுள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் புறப்படுகிறது. சந்திப்பு நேரம் காலை 9 மணி. குடும்பத்தினர் 6 மணிக்கே கிளம்பி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்கின்றனர். பொழுது இன்னும் விடியவில்லை. பீடோரை நெருங்கும் வேளையில், ஓட்டுநரின் கண் முன்னே உள்ள முகப்புப் பலகையில் மின்கல வடிவிலான சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. மின்கலம் நான்கு மாதங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டது. ஆகவே, ‘புதிய மின்கலத்தில் என்ன குறை இருக்க முடியும்?’ என்று தந்தை குழம்புகிறார். ஈப்போவை அடைய இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உள்ளது. தொடர்ந்து ஓட்டுவதா, நிறுத்துவதா?

இவ்வினாவிற்கு விடை காண, அந்தச் சிவப்பு விளக்கு உண்மையில் எதைச் சுட்டுகிறது என்பதை அறிய வேண்டும். மின்கல வடிவத்தில் இருப்பதால் அது மின்கலத்தின் குறையையே காட்டுகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். இந்தத் தவறான எண்ணத்தால் நல்ல மின்கலத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோரும் உண்டு. சில நாள்களில் அந்தப் புதிய மின்கலமும் வற்றிப்போய், வண்டி மீண்டும் நின்றுவிடுகிறது.

வருமானமும் சேமிப்பும்

ஒரு மகிழுந்தில் மின்சாரம் தரும் பொருள்கள் இரண்டு. ஒன்று மின்கலம், மற்றொன்று பட்டறைகளில் ‘ஆல்டர்நேட்டர்’ என்று அழைக்கப்படும் மின்னாக்கி. இவ்விரண்டின் பணிகளையும் ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு ஒப்பிடலாம். மின்னாக்கி என்பது அன்றாட வருமானம். மின்கலம் என்பது சேமிப்பு. இயந்திரத்தை முடுக்கும் சில விநாடிகளில் சேமிப்பிலிருந்து பெருந்தொகை செலவாகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வருமானம் வருகிறது. விளக்கு, வானொலி, குளிரூட்டி, எரிபொருள் இறைப்பான், கணினிப் பகுதி ஆகிய அனைத்திற்கும் மின்னாக்கியே மின்சாரம் வழங்குகிறது. எஞ்சியது மின்கலத்தில் மீண்டும் சேமிக்கப்படுகிறது.

மின்னாக்கியின் அடிப்படைத் தத்துவத்தை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசையும்போது அக்கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதே அது. முன்னாளில் மிதிவண்டிச் சக்கரத்தை உரசிச் சுழன்ற டைனமோ இதே தத்துவத்தில்தான் இயங்கியது. சக்கரம் சுழலும்வரை விளக்கு எரியும். மிதிப்பது நின்றால் விளக்கும் அணையும். மகிழுந்தில் சக்கரத்திற்குப் பதிலாக இயந்திரம், ‘பெல்ட்’ எனப்படும் வார்ப்பட்டையின் வழியே மின்னாக்கியைச் சுழற்றுகிறது. மின்னாக்கியில் பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை டையோடுகள் ஒருதிசை மின்சாரமாக மாற்றுகின்றன. மின்னழுத்தச் சீராக்கி அதன் அளவைக் கட்டுப்படுத்துகிறது.

மகிழுந்துகளில் பெரும்பாலும் பயன்படும் ஈய அமில மின்கலத்தை காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவதால், நிறைந்த மின்கலத்தின் மின்னழுத்தம் 12.6 வோல்ட் ஆகிறது. 1912ஆம் ஆண்டில் காடிலாக் மகிழுந்தில் மின்சார முடுக்கி பொருத்தப்பட்டது. அதற்கு முன்னர் ஓட்டுநர்கள் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரத்தை முடுக்கினர். மின்சார முடுக்கி பரவிய பிறகு மகிழுந்தின் ஓட்டம் மின்கலத்தையும் அதை நிரப்பும் மின்னாக்கியையும் நம்பியதாயிற்று.

துலாக்கோல் போன்ற விளக்கு

மின்கல விளக்கு எரியும் முறை எளிமையானது. பழைய மகிழுந்துகளில் அவ்விளக்கின் ஒரு முனை மின்கலத்தோடும் மறுமுனை மின்னாக்கியோடும் இணைக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாக இருந்தால் விளக்கின் வழியே மின்சாரம் பாயாது. ஆகவே அது எரியாது. மின்னாக்கி செயலிழந்தால் மின்கலத்தின் பக்கம் மட்டும் மின்னழுத்தம் மிகும். அப்போது மின்சாரம் விளக்கின் வழியே பாய்ந்து அதனை எரியச் செய்யும். இரு தட்டுகளும் சமமாக இல்லாதபோது சாயும் துலாக்கோலைப் போன்றது இது. புதிய மகிழுந்துகளில் இப்பணியைக் கணினிப் பகுதி செய்தாலும் விளக்கு சொல்லும் செய்தி ஒன்றே: ‘வருமானம் நின்றுவிட்டது, இனி நடப்பதெல்லாம் சேமிப்பில்தான்.’

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, மின்கலம் புதியதாக இருந்தாலும் இவ்விளக்கு எரியலாம். இரண்டாவது, மின்கலம் முற்றிலும் பழுதடைந்திருந்தாலும் மின்னாக்கி நன்றாக இருந்தால் இவ்விளக்கு எரியாமலே இருக்கலாம்.

சாவியைத் திருப்பியதும், இயந்திரம் ஓடுவதற்கு முன், முகப்புப் பலகையின் எச்சரிக்கை விளக்குகள் யாவும் சிறிது நேரம் எரிய வேண்டும். விளக்குகள் நல்ல நிலையில் உள்ளனவா என்பதைக் காட்டும் சோதனை அது. அப்போது மின்கல விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், அந்த விளக்கோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கலாம். எச்சரிக்க வேண்டியதே ஊமையாகிவிட்டால் ஆபத்து அறிவிப்பின்றி வரும்.

நிறங்கள் பேசும் மொழி

முகப்புப் பலகையின் குறியீடுகள் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஐ.எஸ்.ஓ. 2575 எனும் அனைத்துலகத் தரம் அவற்றை வரையறுக்கிறது. போக்குவரத்து விளக்கைப் போலவே இங்கும் நிறத்திற்குப் பொருள் உண்டு. பச்சையும் நீலமும் ஒரு கருவி இயங்குவதை மட்டும் தெரிவிக்கின்றன. மஞ்சள், விரைவில் சோதிக்க வேண்டிய குறையைக் காட்டுகிறது. சிவப்பு, உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்தை அறிவிக்கிறது.

சிவப்பு விளக்குகளிலும் வேறுபாடு உண்டு. எண்ணெய்க் குவளை வடிவிலான விளக்கு எரிந்தால் இயந்திரத்திற்குள் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியுள்ளது என்று பொருள். இவ்விரு நிலைகளிலும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை உடனே நிறுத்தி, இயந்திரத்தை அணைக்க வேண்டும். மின்கல விளக்கு மட்டும் எரிந்தால் சிறிது அவகாசம் கிடைக்கும். ஆனால் மின்கல விளக்கோடு வெப்பமும் ஏறினால் அவகாசம் இல்லை. பல மகிழுந்துகளில் மின்னாக்கியைச் சுழற்றும் அதே வார்ப்பட்டைதான் குளிர்நீர் இறைப்பானையும் சுழற்றுகிறது. அது அறுந்துவிட்டால் மின்சாரமும் நிற்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோட்டமும் நிற்கும்.

சில வேளைகளில் தடை, காற்றுப்பை, திசைமாற்றி ஆகியவற்றுக்கான விளக்குகள் பல ஒரே நேரத்தில் எரிவதுண்டு. இத்தனை பாகங்களும் ஒன்றாகப் பழுதடைவது அரிது. மின்னழுத்தம் குறையும்போது கணினிப் பகுதிகள் தடுமாறி இவ்வாறு அறிவிக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே துரத்துவதற்கு முன் மின்சாரம் போதிய அளவில் கிடைக்கிறதா என்பதைச் சோதிப்பதே முறையாகும்.

எவ்வளவு தூரம் ஓடும்?

சேமிப்பு மட்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறிய மகிழுந்தின் மின்கலம் 40 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது எனக் கொள்வோம். பகல் நேரத்தில் குளிரூட்டியை அணைத்துவிட்டு ஓட்டினால், எரிபொருள் இறைப்பானுக்கும் எரியூட்டலுக்கும் கணினிப் பகுதிக்கும் ஏறக்குறைய 180 வாட் தேவைப்படலாம். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியர் கிடைக்கும். 40ஐ 15ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம் வருகிறது.

இரவில் முன்விளக்குகள், பின்விளக்குகள், குளிரூட்டி, ரேடியேட்டர் விசிறி ஆகிய அனைத்தும் இயங்கினால் தேவை 420 வாட் வரை உயரக்கூடும். அது 35 ஆம்பியர் ஆகும். அப்போது கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம் மட்டுமே.

இவை தாளில் எழுதும் கணக்குகள். மின்கலம் முற்றிலும் வற்றும்வரை வண்டி ஓடாது. மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் இயந்திரம் திணறும். ஆகவே பாதி நேரத்தையே நம்ப வேண்டும். அவ்வாறாயின், இருளில் அனைத்தையும் இயக்கியபடி ஓட்டும் வண்டிக்கு ஏறக்குறைய 35 நிமிடமே உள்ளது. பீடோரிலிருந்து ஈப்போ வரையுள்ள 60 கிலோமீட்டரை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 40 நிமிடம் ஆகும். வண்டி ஈப்போவைச் சென்றடையாமல் நெடுஞ்சாலையின் நடுவழியில், இருளில், விளக்குகள் மங்கி நிற்கும். மின்சாரத்தால் இயங்கும் திசைமாற்றியும் அவ்வேளையில் கனமாகிவிடும். கனரக வாகனங்கள் விரையும் சாலையில் இது உயிருக்கே ஆபத்தாகும்.

எனவே, அத்தந்தை செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறவில்லை என்றால் குளிரூட்டி, வானொலி, கைப்பேசி மின்னூட்டி ஆகியவற்றை அணைக்க வேண்டும். இருளில் முன்விளக்கை மட்டும் அணைக்கக்கூடாது. இயந்திரத்தையும் இடையில் அணைக்கக்கூடாது; மீண்டும் முடுக்குவதற்குப் பெருமளவு மின்சாரம் தேவைப்படும். பிறகு, அடுத்த வெளியேறும் வழியாகிய பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். அதற்குள் வண்டி நின்றுவிடும் நிலை ஏற்பட்டால், அவசரத் தடத்தில் நிறுத்தி, அபாய விளக்கை எரியவிட்டு, அனைவரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் சென்று, நெடுஞ்சாலை ரோந்துக் குழுவின் உதவியை நாட வேண்டும்.

மூன்று அளவீடுகள்

குறை எங்கே உள்ளது என்பதை அறிய மல்டிமீட்டர் எனும் எளிய அளவி போதும். அளவியை ஒருதிசை மின்னழுத்தத்திற்கு அமைத்து, சிவப்புக் கம்பியை மின்கலத்தின் நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் வைக்க வேண்டும். மூன்று வேளைகளில் அளக்க வேண்டும்.

முதல் அளவீடு, வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு எடுக்கப்படுகிறது. 12.6 வோல்ட் இருந்தால் மின்கலம் நிறைந்துள்ளது. 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதிதான் உள்ளது. 11.9 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட வற்றிவிட்டது.

இரண்டாம் அளவீடு, இயந்திரத்தை முடுக்கும் விநாடிகளில் எடுக்கப்படுகிறது. நிறைந்திருந்த மின்கலத்தின் அளவு அவ்வேளையில் 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் மின்கலம் வலுவிழந்துவிட்டது எனலாம்.

மூன்றாம் அளவீடு, இயந்திரம் ஓடும்போது எடுக்கப்படுகிறது. பெரும்பாலான மகிழுந்துகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். முன்விளக்கையும் குளிரூட்டியையும் இயக்கிய பின்னும் அளவு 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இயந்திரம் ஓடியும் அளவு 12 வோல்ட் அளவிலேயே இருந்து மெல்ல இறங்கினால் மின்னாக்கியிடமிருந்து மின்சாரம் வந்து சேரவில்லை என்று பொருள். 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கி பழுதடைந்துள்ளது. அந்நிலையில் மின்கலம் கொதித்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். விளக்குகளும் விரைவில் கருகும். சில புதிய மகிழுந்துகளில் கணினி இந்த அளவைத் தேவைக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் வைக்கிறது. ஆகவே, வண்டியோடு தரப்படும் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

அறிகுறியும் காரணமும்

மின்னாக்கியிடமிருந்து மின்சாரம் வரவில்லை என்பதாலேயே மின்னாக்கி பழுது என்று முடிவு செய்துவிடக்கூடாது. எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்வதே பழுது காணும் முறை. இயந்திரத்தை அணைத்த பின் முதலில் வார்ப்பட்டையைப் பார்க்க வேண்டும். அது தளர்ந்தோ வெடித்தோ பளபளப்பாகத் தேய்ந்தோ இருந்தால் வழுக்கும். குளிர்ந்த காலையிலும் மழையிலும் கேட்கும் ‘கிறீச்’ என்ற ஒலி அதன் அடையாளம்.

அடுத்து மின்முனைகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் மேல் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் மின்சாரம் தடைபடும். பிறகு, மின்னாக்கியின் பின்புறக் கம்பிகளும் ஃபியூஸும் உறுதியாக உள்ளனவா என்பதைச் சோதிக்க வேண்டும். இவை அனைத்தும் நன்றாக இருந்தால்தான் மின்னாக்கியைக் கழற்ற வேண்டும். வண்டி நிற்கையில் விளக்கு மினுமினுத்து, வேகம் கூடியதும் அணைந்தால், வழுக்கும் வார்ப்பட்டையோ மின்னாக்கிக்குள் தேய்ந்த கரித்தூரிகையோ காரணமாக இருக்கலாம். விளக்கு எப்போதும் மங்கலாக எரிந்தால் டையோடு ஒன்று பழுதாகியிருக்கலாம். கரித்தூரிகை, டையோடு, சீராக்கி ஆகியவற்றைப் பல மின்னாக்கிகளில் தனியே மாற்ற முடியும். முழு மின்னாக்கியையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

மாறாக, ஓடும்போது எந்த விளக்கும் எரியாமல், காலையில் மட்டும் ‘டக் டக்’ என்ற ஒலியோடு வண்டி கிளம்ப மறுத்தால் மின்கலத்தையோ அதன் இணைப்பையோ ஐயுறலாம். மலேசியாவின் வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில், முடுக்கும்போது செலவான மின்சாரம் திரும்பிச் சேர்வதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. அவ்வப்போது சற்று நீண்ட பயணம் மேற்கொள்வது மின்கலத்திற்கு நல்லது.

செய்யக்கூடாதவை

இயந்திரம் ஓடும்போது மின்கலத்தின் கம்பியைக் கழற்றி, வண்டி தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இன்றைய மகிழுந்துகளில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, விலையுயர்ந்த கணினிப் பகுதிகளை எரித்துவிடும். எனவே, இதனைச் செய்யவே கூடாது.

மின்கலத்திலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஆகவே, அதனருகே புகைபிடிப்பதும் தீப்பொறி எழச் செய்வதும் ஆபத்தானவை. கையிலுள்ள மோதிரத்தையும் காப்பையும் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கம்பிகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும் பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். ஓடும் வார்ப்பட்டைக்கு அருகே தளர்ந்த உடையும் நீண்ட கூந்தலும் செல்லக்கூடாது.

அறிந்து செலவிடுதல்

மேற்கூறிய குடும்பம் பீடோரில் இறங்கிவிடுகிறது. தாப்பாவில் வசிக்கும் தாய்மாமன் தம் வண்டியில் வந்து பாட்டியை ஈப்போவுக்கு அழைத்துச் செல்கிறார். சந்திப்பு தவறவில்லை. தந்தை பட்டறை திறக்கும்வரை காத்திருந்து, ‘மின்கலத்தை மாற்றுங்கள்’ என்று சொல்லாமல், ‘வண்டி ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள்’ என்கிறார். அளவி 12.1 வோல்ட் காட்டுகிறது. தேய்ந்து வழுக்கிய வார்ப்பட்டை கண்ணில் படுகிறது. புதிய வார்ப்பட்டை பொருத்தப்பட்டதும் அளவு 14.2 வோல்ட்டுக்கு உயர்கிறது. மின்கலத்தின் விலையை ஒப்பிடும்போது வார்ப்பட்டையின் விலை மிகக் குறைவு.

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிலிம் ரிவருக்குத் தெற்கே உள்ள தஞ்சோங் மாலிமில் இன்று அந்நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. மின்சார மகிழுந்துகளும் சாலைக்கு வந்துவிட்டன. அவற்றில் இயந்திரமும் இல்லை. வார்ப்பட்டையால் சுழலும் மின்னாக்கியும் இல்லை. ஆயினும் விளக்குகளையும் கணினிப் பகுதிகளையும் இயக்கப் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கிறது. பெரிய மின்கலத்திலிருந்து மின்மாற்றுக் கருவி ஒன்று அதனை நிரப்புகிறது. அங்கும் வரவு நின்றால் சேமிப்பு கரையும். அங்கும் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

தொழிற்கல்லூரிகளில் வாகனத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் முதலில் கற்பதும் இதுவே: பாகத்தை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதனைச் சரியாகப் படிக்கத் தெரிந்த குடும்பம் தன் பணத்தையும் காக்கும். பயணத்தில் உடன் வருவோரின் உயிரையும் காக்கும்.